இத்தாலிய உணவகத்தில் அண்ணாந்து குடித்தவன்

தண்ணீர் குடிக்கத் தெரியாதவன் என்று மாமனார் வீட்டில் எனக்குப் பெயர். அவதூறு என்று மறுக்க முடியாது. சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இத்தாலியர்.

சென்னையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்துவிட்டு, மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்து, ஹூஸ்டனில் ஒரு நிறுவனத்துக்குக் கையேடு எழுதும் வேலையில் இருந்தேன். கல்பனா ஆன்ட்டி (சொந்தமெல்லாம் இல்லை, ஊருக்கே ஆன்ட்டி) ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் இருந்த நித்யாவின் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். நானும் நித்யாவும் போனில் பேசினோம், வெளியே சந்தித்தோம், எங்களுக்குப் பிடித்துவிட்டது. மிச்சமிருந்தது அவளுடைய பெற்றோரின் சம்மதம்.

"அப்பா பிரச்சினையே இல்ல. அம்மாதான் ஓகே சொல்லணும். ஒரு தடவை பாத்தே முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் மாத்த மாட்டாங்க," என்றாள் நித்யா. ஆறுதலாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சந்திப்பு நாளன்று கிளம்பும் நேரத்தில் கல்பனா ஆன்ட்டியிடமிருந்து போன்.

"ரகு, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அவங்க ரொம்ப ஆசாரம். எச்சில் பண்ணா பிடிக்காது. பாத்து நடந்துக்கோ."

எனக்கு ஆசாரம் கிடையாது. ஃபிரிட்ஜைத் திறந்து, அது மூடுவதற்குள் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்தவன். நித்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொருவரிடம் உறுதி செய்யாமல் செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். கேட்கவில்லை.

வீட்டில் வைத்தால் பெண் பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று நித்யா அவர்கள் குடியிருப்புக்கு அருகிலேயே ஒரு சின்ன இத்தாலிய உணவகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். இந்தப் பக்கம் பல் டாக்டர், அந்தப் பக்கம் சலவைக் கடை. உள்ளே நெருக்கமாகப் போட்ட மேஜைகள், சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு, மேஜைக்கொரு மெழுகுவர்த்தி. பருத்த உடம்புடன் இத்தாலியரான உரிமையாளரே வந்து எங்களை உட்கார வைத்தார். வாடிக்கையாக வரும் சைவக் குடும்பம் என்பதால், சூப்பில் சிக்கன் வேகவைத்த தண்ணீர் சேர்க்கவில்லை என்று கேட்காமலேயே உறுதிமொழி கொடுத்தார்.

நான் கவனிக்கத் தொடங்கினேன். நித்யாவின் அம்மா ரொட்டியைக் கடிக்கவில்லை. சின்னச் சின்னதாகப் பிய்த்து, விரல் உதட்டில் படாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டார். அவள் அப்பா கண்ணாடி டம்ளரை முகத்துக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். நித்யா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். கல்பனா ஆன்ட்டியின் தகவல் ஊர்ஜிதமாகிவிட்டது.

அப்பாவின் டம்ளரில் ஐஸ் இல்லை என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. என்னுடையதில் பாதிக்கு மேல் ஐஸ்தான்.

"என்ன தம்பி, தண்ணியே குடிக்கலையே?" என்றார் அம்மா.

பரீட்சை தொடங்கிவிட்டதாக முடிவு செய்தேன். டம்ளரைத் தூக்கினேன், அப்பாவைவிட ஒரு சாண் உயரமாக. (சும்மா இருந்திருக்கலாம்.) சாய்த்தேன். ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று முட்டி வழியை அடைத்துக்கொள்ள, நூல் மாதிரி தண்ணீர் வந்தது. இன்னும் சாய்த்தேன். நூலும் நின்றது. டம்ளரின் அடியில் லேசாக ஒரு தட்டு தட்டினேன்.

மொத்தமும் இறங்கியது. மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. சட்டைக் காலருக்குள் கணிசமான பங்கு போனது. மெழுகுவர்த்தி அணைந்தது. ஒரே ஒரு கட்டி மட்டும் குறி தவறாமல் வாய்க்குள் போய்த் தொண்டை வாசலில் உட்கார்ந்துகொண்டது. நான் எழுப்பிய சத்தத்தைத் தமிழ் எழுத்துகளால் எழுத முடியாது.

உரிமையாளர் ஓடி வந்தார். எனக்குப் பின்னால் நின்று, இரு கைகளாலும் வயிற்றைக் கட்டிப்பிடித்து, மேல்நோக்கி ஒரு இழு இழுத்தார். என் கால்கள் தரையைவிட்டுக் கிளம்பின. ஐஸ் கட்டியும் கிளம்பியது. மேஜையைக் கடந்து, நித்யாவின் அம்மாவின் சூப்பில் போய் விழுந்தது.

எச்சில் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நித்யா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கல்யாணம் நின்றுவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யார் முதலில் எழுந்து போவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அம்மா கரண்டியால் ஐஸ் கட்டியைத் தேடி எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு வாய் சூப் குடித்தார்.

"ரொம்ப சூடா இருந்துச்சு. இப்ப பரவால்ல," என்றார். பிறகு, "தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் குடிப்பாங்களா?"

"இல்ல ஆன்ட்டி... பாட்டில்ல வாய் வெச்சுத்தான்... நீங்க ரொம்ப ஆசாரம்னு கல்பனா ஆன்ட்டி சொன்னாங்க..."

"நாங்களா? நீங்கதான் ஆசாரம்னு எங்ககிட்ட சொன்னா! மாப்பிள்ளை வீட்ல எச்சில் பாப்பாங்க, ஜாக்கிரதைன்னு!"

அப்பா பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு வாரமா இவ என்னை கிச்சன்ல நிக்க வெச்சு ப்ராக்டீஸ் கொடுத்தா தம்பி. கழுத்தே போச்சு." சொல்லிவிட்டு டம்ளரை உதட்டில் வைத்து, கடகடவென்று முழுவதையும் குடித்து முடித்தார். அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"அதான் ரெண்டு பேரும் வீட்ல பைத்தியம் மாதிரி பண்ணிட்டு இருந்தீங்களா?" என்றாள் நித்யா.

முதலில் சிரித்தது அம்மாதான். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. உரிமையாளர் எனக்கு ஒரு துண்டும், மேஜைக்கு ஒரு கேக்கும் நான்கு ஸ்பூன்களும் கொண்டுவந்து வைத்தார். அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எடுங்க தம்பி. ஒரே தட்டுதான், பரவால்லையா?" மேஜைக்கு அடியில் நித்யா என் காலை மிதித்தாள். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமாம்.

கல்யாணம் நடந்தது. கல்பனா ஆன்ட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்தது தான்தான் என்று எல்லோரிடமும் சொன்னார்.

எங்கள் மகள் போன வருடம் மூடி போட்ட, உறிஞ்சு குழல் வைத்த கோப்பையை விட்டுவிட்டு டம்ளருக்கு முன்னேறினாள். மாமியார் அந்தக் கோப்பையைத் தூக்கிப் போடவில்லை. அவர்கள் வீட்டில் விருந்து என்றால் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் வரும். எனக்கு மட்டும் திமிங்கிலப் படம் போட்ட அந்தக் கோப்பை. புதிதாக வந்த விருந்தாளிகள் யாராவது காரணம் கேட்டால், மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குழலில் உறிஞ்சிக்கொண்டிருப்பேன். மூடியை இறுக்கி மூடித் தருவது என் மகளின் பொறுப்பு.