பதினொன்றாவது பீகார்க்காரர்

வேடசந்தூர் வெளிமாநிலத் தொழிலாளர் நலன் பேணும் சிறப்புப் பிரிவின் அதிகாரி கமலக்கண்ணன் ரொம்ப நேர்மையானவர். மேலிடம் ஒரு எண்ணிக்கை கேட்டால், அது குறையாமல் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

மெக்சிகோவிலிருந்து மார்செலா என்ற பத்திரிகையாளர் வருவதாக ஒருநாள் கடிதம் வந்தது. அவர் நாட்டில் பிழைப்புக்காக வடக்கே போகிறவர்கள் ஏராளமாம். நம் நூல்மில்லுக்கு வடக்கேயிருந்து வருகிறவர்களை நாம் எப்படித் தாங்குகிறோம் என்று பார்த்து எழுத வேண்டுமாம். பதினொரு பீகார்த் தொழிலாளர்களை நிறுத்தி வைக்கும்படி உத்தரவு.

மில்லில் பீகார்க்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் ஓட்டுப் போட ஊருக்கு ரயிலேறியிருந்தார்கள்.

அதற்காக உத்தரவை மீற முடியுமா? பாண்டிச்செல்வி என்ற உள்ளூர்த் தொழிலாளியையும் இன்னும் ஒன்பது பேரையும் மில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்.

“சார், நான் இந்த ஊர்லயே பொறந்தவ.”

“இன்னைக்கு ஒருநா மட்டும் பீகார்ல பொறந்துக்கம்மா. என்ன கேட்டாலும் வாயத் தெறக்காத. தலைய மட்டும் ஆட்டு. ஒனக்குத்தான் தமிழ் தெரியாதுல்ல?”

“தெரியாது சார்.”

இன்னும் ஓர் ஆள் குறைந்தது. கடமையுணர்வு மேலோங்க, கமலக்கண்ணனே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றார்.

ஊர் ஞாபகம் வருகிறதா என்று மார்செலா கேட்டதை மொழிபெயர்ப்பாளர் இந்தியில் கேட்டார். பாண்டிச்செல்வி தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். ஏக்கத்தில் பேச்சே எழவில்லை என்று மார்செலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெக்சிகோவில் படத்தோடு கட்டுரை வந்தது. கமலக்கண்ணன் பீகார்த் தொழிலாளர் பட்டியலில் பதினொரு பெயரையும் உள்ளபடியே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பெயரில் பொய் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

அடுத்த வாரம் பாண்டிச்செல்வியின் ரேஷன் கார்டு ரத்து. பீகார்வாசி போலியாகப் பெற்றதாம். வீட்டில் ஒரு பொட்டு அரிசி இல்லை. ஓடி வந்தாள்.

“நான் உள்ளூருன்னு எழுதிக் குடுங்க சார். புள்ளைக பட்டினியாக் கெடக்குதுக.”

“அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து பாத்து எழுதியிருக்காங்க. அது பொய்யா? பீகாருக்குப் போயி, நீ அந்த ஊரு ஆள் இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வா. ஒடனே செஞ்சு தாரேன்.”

அந்த நேரம் பார்த்து, கையில் அதே படத்தோடு விசாரணை அதிகாரி உள்ளே வந்தார்.

“கடைசியில துண்டு கட்டியிருக்கிறது நீங்கதானே? பீகார்க்காரருக்கு இந்த வேலை எப்படிக் கெடச்சது?”

கமலக்கண்ணனுக்கு வேர்த்துவிட்டது. “ஐயா, எனக்கு இங்க பக்கத்துல எரியோடுங்க! இந்தாருக்கா, இவளக் கேளுங்க. ஏத்தா, நான் உள்ளூருதான? சொல்லுத்தா!”

பாண்டிச்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அவர் சொல்லிக்கொடுத்தபடியே வாயைத் திறக்காமல் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

“பாவம், இந்தம்மாவுக்குத் தமிழே தெரியல” என்று கருணையோடு குறித்துக்கொண்ட விசாரணை அதிகாரி, இரண்டு பேருக்கும் பாட்னாவுக்கு இலவச ரயில் டிக்கெட் போடச் சொன்னார்.