லண்டனில் தாலி, பாரிசில் சலங்கை, நடுவில் கால் மணித்தியாலம்

சென்ட் லோரன்ட்,
மொன்றியல்.
மே 4

அன்புள்ள தங்கச்சி யோகராணிக்கு,

அண்ணன் அருளம்பலம் எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் அண்ணி ஞானாம்பிகைக்கும் முழங்கால் நோவைத் தவிர மற்றதெல்லாம் சுகம். பாரிசில் நீயும் மச்சான் அருமைராசாவும் பிள்ளை சிவாஜினியும் குறைவில்லாமல் இருக்க முருகன் துணை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனென்றால் பாதியில் வைத்துவிடுவாய்.

விசயம் இதுதான். ஆனி மாதம் அந்தச் சனிக்கிழமை காலை லண்டனில் உன் அக்கா தாட்சாயினியின் மகளுக்குக் கலியாணம்; அன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் பாரிசில் உன் மகளின் அரங்கேற்றம். அக்காவும் தங்கையும் நீங்கள் கதைத்து ஆறு வருசம். ஒருத்தியிடம் போய் மற்றவளிடம் போகாவிட்டால், அண்ணை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று என் செத்தவீட்டுக்கும் வரமாட்டீர்கள். அவளுக்குப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர மாமன் வேண்டும், உனக்கு விளக்கேற்றப் பிரதம விருந்தினர் வேண்டும். அழைப்பிதழில் என் படத்தையும் போட்டுவிட்டாய். கம்பியூட்டரில் பார்த்தேன். இரண்டு ஊருக்கும் நடுவில் முந்நூற்று நாற்பது கிலோமீற்றர்தான், நாங்கள் ரொறன்ரோ போவதிலும் கிட்ட. விமானம் இரண்டு மணிக்குக் கிளம்பி இரண்டேகாலுக்கு இறங்குகிறது என்று போட்டிருந்தது. எனக்கு இங்கே பக்கத்தில் இருக்கிற புவாண்ட்-கிளேருக்கு பஸ்ஸில் போகவே ஒரு மணித்தியாலம் வேணும். கால் மணித்தியாலம்தானே என்று இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு டிக்கெட் போட இருந்தால், நான் பார்த்தது பாரிசிலிருந்து லண்டனாம்! லண்டனிலிருந்து பாரிசுக்கு இரண்டேகால் மணித்தியாலம் காட்டுது. எதிர்க்காற்றாக்கும் என்று மகள் சாருஜாவிடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அப்பா, லண்டன் மணி ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. எந்தப் பக்கம் போனாலும் பறக்கிறது ஒண்டேகால்தான்."

"அப்ப நல்லதுதானே?"

"என்ன நல்லது? ரண்டு மணித்தியாலம் முந்தி எயார்போட்டில போய் நிக்கவேணும். இறங்கினாப் பிறகு மண்டபத்துக்கு ஒரு மணித்தியாலம். தாலி கட்டினதும் வேட்டியோட ஓடப்போறியளோ?"

கூட்டிப் பார்த்தேன். பதினொன்றரைக்குத் தாலி கட்டினதும் சாப்பிடாமல் ஓடினாலும் ஆறரைக்கு முந்தி உன் மண்டபத்துக்கு வர ஏலாது. ஆகவே உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், பாட்டுக்காரரைக் கொஞ்சம் இழுக்கச் சொல். வரவேற்புரையை மச்சானிடம் கொடு, அவர் மைக்கைப் பிடித்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கவலையில்லை. விளக்கைப் பேந்து, நான் வந்ததும் ஏற்றலாம். தாட்சாயினிக்கும் நேற்றுப் போன் எடுத்து, தாலியை விடிய ஐந்து மணிக்குக் கட்டலாமோ என்று கேட்டேன். டக்கென்று போனை வைத்துவிட்டாள். எனக்கு நீங்கள் ரண்டு பேரும் வேணும் பிள்ளை, அதுதான் இந்த வயதிலும் இப்படிக் கிடந்து ஓடுறன்.

சிவாஜினிக்குக் கண்ணூறு கழித்துவிடு. மச்சானுக்கு என் அன்பைச் சொல். எல்லாரும் நல்லாயிருங்கோ.

இப்படிக்கு,
உன் அண்ணை
அருளம்பலம்

பி.கு.: உறையை ஒட்டியாச்சு, அதன் முதுகில் எழுதுகிறேன். "அண்ணைக்கு மூளை பிசகிப்போச்சோ?" என்று கேட்க தாட்சாயினி உனக்குப் போன் எடுத்தாளாமே! நீயும் அரங்கேற்றத்தை அடுத்த சனிக்குத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு கலியாணத்துக்குப் போகிறாயாம். அப்படியென்றால் மேலே எழுதிய ஒன்றையும் வாசிக்காதே. முத்திரை வீணாகக்கூடாது என்று அனுப்புகிறேன். சற்று முன் நீங்கள் இரண்டு பேரும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து ஒரே லைனில் வந்து, "உங்களுக்கு அறிவிருக்கே அண்ணை?" என்று ஒரே குரலில் ஏசினீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏசியிருக்கலாம்.