பத்தாவது உருளையும் சரி அலுவலரும்

பிழையிலி நாட்டில் பதினோரு ஆண்டுகளாக எந்தப் பிழையும் நிகழவில்லை. அவ்வாறு ஓர் அரசாணை இருந்தது. கைவிடப்பட்ட சுங்கச்சாவடி ஒன்றில் ஏழு பிள்ளைகளோடு மாண்டிசோரி பள்ளியைத் தொடங்கிய ஆசிரியை அமலோற்பவம் அந்த ஆணையை வாசித்திருக்கவில்லை.

அங்கே மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளை முடித்து அலமாரியில் திருப்பி வைக்கும்வரை அடுத்த பிள்ளை காத்திருக்கும். பத்துக் குழிகளும் அவற்றுக்கு அளவான பத்து உருளைகளும் கொண்ட மரக்கட்டைக்கே காத்திருப்போர் மிகுதி. மெல்லிய உருளையை அகன்ற குழியில் இட்டால், கடைசியில் பருத்த உருளை ஒன்று இடமின்றிக் கையில் நிற்கும். தவறு என்று ஆசிரியை சொல்வதில்லை, கட்டையே சொல்லிவிடும். ஆறாம் ஆண்டில் வந்து சேர்ந்த நான்கு வயது அஞ்சலை அப்போதெல்லாம், "அய்யோ, இவன் வீடில்லாம நிக்கிறான்!" என்று சிரித்து, அனைத்தையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்குவாள்.

அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் நூற்றிருபது ஆகியிருந்தனர். அங்கீகாரம் இல்லையேல் அவர்களை மேல்வகுப்பில் எவரும் சேர்க்கமாட்டார்கள். அமலோற்பவம் விண்ணப்பித்தார்.

கல்வி மேற்பார்வையாளர் தண்டபாணி வந்து, பாயில் சம்மணமிட்டு, கட்டையைத் தாமே சோதித்தார். பத்தாவது உருளை அவர் கையில் நின்றது.

"அம்மா, இந்தக் கட்டை பழுதுற்றிருக்கிறது."

"இல்லீங்க ஐயா. ரெண்டாவதை இடம் மாத்தி வெச்சிட்டீங்க."

உடன்வந்த எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டார்.

"அரசு அலுவலர் இடம் மாற்றி வைப்பதில்லை. ஆணை எண் ஒன்று."

"எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி வைங்க தாத்தா," என்றாள் அஞ்சலை. "ஒண்ணும் ஆவாது."

தண்டபாணி எழுத்தர் பக்கம் திரும்பினார். "பிள்ளைகளுக்குப் பிழை கற்பிக்கப்படுகிறது என்று எழுதும்."

ஒரு மாதத்தில் ஆணை வந்தது: பத்துக் குழிகளும் மிகப் பெரிய குழியின் அளவுக்கு அகலப்படுத்தப்பட வேண்டும், இணங்கினால் அங்கீகாரம். அமலோற்பவம் மூன்று நாள் யோசித்தார். நூற்றிருபது பிள்ளைகளை நினைத்துக் கையெழுத்திட்டார்.

"இதுக்கப்புறம் இந்தக் கட்டை என்னத்துக்கு டீச்சர்?" என்று தச்சர் கேட்டார்.

"ஒரு கட்டைதானே," என்றார் அமலோற்பவம்.

இப்போது எந்த உருளையும் எந்தக் குழியிலும் விழுந்தது. வைத்தது சரிதானா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இக்குறையைப் போக்க அறைக்கொரு சரி அலுவலர் நியமிக்கப்பட்டார். உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து, "சரி" என்று சொல்வது அவர் பணி. வரிசை நீண்டதால், கட்டையைத் தொடுமுன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று மூன்றாம் ஆணை சலுகை அளித்தது.

சலுகை வந்த அன்று அஞ்சலை உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரியா டீச்சர்?"

அப்பள்ளியில் அமலோற்பவத்தை எவரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் சரி அலுவலரைப் பார்த்தார்.

தேர்ச்சி நூறு விழுக்காடாயிற்று. அதே முறையில் இருநூறு பள்ளிகள் திறக்கப்பட்டன. அதற்குள் கல்வி அமைச்சராகிவிட்ட தண்டபாணி அமலோற்பவத்துக்குப் பதக்கம் அணிவித்து, "வளர்ச்சி என்பது இதுதான்!" என்றார். எல்லாரும் சரி அலுவலரைப் பார்த்துவிட்டுக் கைதட்டினர்.

பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தேர்தல் வந்தது. பழைய சுங்கச்சாவடியே வாக்குச்சாவடி. வாக்கு இரகசியமானது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. அச்சட்டத்தை எவரும் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் எழவில்லை. வாக்குப்பெட்டியருகே ஓர் அலுவலர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை மறைவிலிருந்து வெளியே வந்தாள். முத்திரையிட்ட சீட்டைப் பெட்டியில் இடுமுன் விரித்து அவரிடம் நீட்டினாள்.

"சரியா சார்?"

அவர் உற்றுப் பார்த்தார். "இல்லையே அம்மா." வேறு சீட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். அவள் நன்றி சொல்லி மறுபடி மறைவுக்குள் போனாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் அமலோற்பவம். அவளைக் கூப்பிட வாயெடுத்தார். அப்போதுதான் கவனித்தார்: தம் கண்களே, அனுமதி கேட்டு, அலுவலரின் முகத்தில் நின்றிருந்தன.