கப்பல் ஊதும் நடுவர்

இனிமேல் நம் வீட்டில் நீதி கம்ப்யூட்டர் வழியாக வழங்கப்படும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிவித்தேன். என் மனைவி சந்தனச்செல்வி சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“கரண்டு போனா?” என்றாள்.

“யூபிஎஸ் இருக்கு.”

“அப்ப சரி.”

ஒரு சகாப்தம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் தொடங்கியிருக்காது.

அதற்கு முந்தையது டம்ளர் சகாப்தம். எங்களுக்குள் ஒத்துவராத விஷயம் எதுவானாலும் இரண்டு துண்டுச்சீட்டில் எழுதி, மடித்து, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்குவோம். மதியத்துக்கு நண்டா, விளமீனா. லீவுக்கு ஆத்தூரில் அவள் அக்கா வீடா, மாப்பிள்ளையூரணியில் என் தம்பி வீடா. எடுப்பது அவள். வருவது அவள் சீட்டு. மடிப்பில் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியவில்லை. நானே மடித்துப் போட்டாலும் அவள் விரல் தன் சீட்டைத்தான் கண்டுபிடித்தது.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். பெயர் செந்தூர்பாண்டி. அடுத்தவன் செய்த புரோகிராமில் கன்டெய்னர் நம்பர் அடித்தே தலை நரைத்தவன். அது நின்றுபோனால் திட்டலாம். வேறு உரிமை கிடையாது. ஆகவே சொந்தமாக ஒன்று செய்வதென்று தீர்மானித்தேன். ஐகானை இரண்டு தட்டு தட்டினால் தனி ஜன்னல் திறந்து நிற்கும் அசல் டெஸ்க்டாப் அப்ளிகேஷன். வீடியோ பார்த்துப் படித்தேன்.

முதலில் ஒரு ஜன்னல் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மூலையில் பெருக்கல் குறி மட்டும். அதை நான் செய்தேன் என்ற நினைப்பில் நெஞ்சு விம்மியது. செல்வியைக் கூப்பிட்டேன்.

“என்னத்த பாக்கணும்?”

“ஜன்னல்.”

“ஜன்னல்ல ஒண்ணும் தெரியலையே.”

“இப்பத்தானளா ஜன்னலே வந்திருக்கு.”

“ஏதாச்சும் தெரிஞ்சதும் கூப்பிடுங்க. அடுப்புல குழம்பு கெடக்கு.”

பிறகு ‘தீர்ப்பு’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானை வைத்த நான் அதற்கு ஒரு வேலையைக் கொடுக்க மறந்திருந்தேன். “நம்ம வாசல் காலிங் பெல்லுக்கு இது தேவல. அது உள்ள போனா வெளிய வாரதே இல்ல” என்று செல்வி பாராட்டினாள்.

தீர்ப்பு உடனே வந்துவிட்டால் அதற்குக் கனம் இருக்காது. யோசிப்பதுபோல் ஒரு சக்கரம் சுற்றவேண்டும். அதற்காகப் புரோகிராமைச் சற்று நேரம் தூங்கச் சொன்னேன். தூங்கியது. சக்கரத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியது. ஜன்னல் வெளிறி, நெற்றியில் ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டது.

“என்ன, மூஞ்சி வெளுத்துட்டு?”

“உள்ள ஒரே ஆளுதான் வேல பாக்கான். காத்துக் கெடக்கவும் அவன்தான், சக்கரத்தச் சுத்தவும் அவன்தான். ஒரு நேரத்துல ஒண்ணுதான் முடியும்.”

“உங்க பிள்ளதான், சந்தேகமே இல்ல. பேப்பர் படிக்கையில கூப்பிட்டா நீங்களும் இப்படித்தான் வெளிறிப்போய் இருப்பிய. நான் தோசையும் திருப்புதேன், குக்கர் விசிலும் எண்ணுதேன், உங்க அம்மைகிட்ட போனும் பேசுதேன். வெளுத்தா போனேன்?”

இதையே அந்த வீடியோக்காரர் வெகுநேரம் படம் போட்டு விளக்கினார். காத்திருக்கும் பொறுப்பை ஒரு டைமரிடம் ஒப்படைத்தேன். சக்கரம் சுற்றியது. அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடை எனக்கே பிடித்திருந்தது.

அடுத்தது குலுக்கல். கம்ப்யூட்டர் குலுக்க அதற்கு ஒரு தொடக்க எண் வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணில் தொடங்கினால் வேறு வேறு விடை வரும். ஒரே எண்ணைக் கொடுத்து வைத்தால், திறக்கும்போதெல்லாம் அதே விடைகள் அதே வரிசையில் வரும். பிழை தேடும்வரை அப்படி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள் என்றார் வீடியோக்காரர். நான் எங்கள் கல்யாணத் தேதியைக் கொடுத்தேன். பிழைகளைத் தேடி முடித்தேன்.

கடைசியாக ஒலி. தீர்ப்பு வந்ததும் மணி அடிப்பதை எவனும் செய்வான். இது தூத்துக்குடி. ஒரு கப்பல் கிளம்பும்போது ஊதியதைத் துறைமுகத்தில் நின்று போனில் பதிவுசெய்தேன். நிலக்கரித் தூசி பறந்துகொண்டிருந்த நேரம். ஊதல் முடிகிற இடத்தில் என் இருமலும் சேர்ந்து பதிந்துவிட்டது. வெட்டத் தெரியவில்லை. படைத்தவனின் கையெழுத்தாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

‘நடுவர்’ என்று பெயர் வைத்தேன். திறப்பு விழாவுக்குப் பக்கத்து வீட்டு ஜெஃப்ரியும் அவன் மனைவி ஜெயபாயும் வந்தார்கள். ஜெஃப்ரி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பல் ஊதியதும் எழுந்து நின்றுவிட்டான்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க. இவகூட தெனம் மல்லுக்கட்ட முடியல.”

பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவன் லேப்டாப்பில் திறக்கவே இல்லை. சக்கரத்தின் படம் என் டி டிரைவில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று முகவரி எழுதியிருந்தேன். அவனிடம் டி டிரைவே இல்லை.

“எங்கிட்ட ஓடுதே!” என்றேன்.

“அப்ப சண்ட வந்தா நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்குத்தான் வரணுமா?” என்றாள் ஜெயபாய்.

வந்தார்கள். ஞாயிறுதோறும் இரண்டு வழக்கோடு வந்தார்கள். ஜெஃப்ரிதான் முந்திக்கொண்டு தன் கட்சியை முதல் கட்டத்தில் அடிப்பான், ஜெயபாய் இரண்டாவதில். முதல் வழக்கில் ஜெயபாய் ஜெயிப்பாள், இரண்டாவதில் ஜெஃப்ரி. ஒவ்வொரு வாரமும் ஆளுக்கு ஒன்று. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போவார்கள். நீதி என்றால் இதுவல்லவா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வழக்குகளில் செல்வி எனக்குத் தந்த மரியாதையைச் சொல்லவேண்டும். “உங்களுது மொத கட்டத்துல இருக்கட்டும். வீட்டுக்குப் பெரியவுக நீங்க. நான் ரெண்டாவதுல இருந்துக்கிடுதேன்” என்று எப்போதும் விட்டுக்கொடுத்தாள். முதல் கட்டத்தில் நான் விளமீன் என்று அடிப்பேன், அவள் இரண்டாவதில் நண்டு. சக்கரம் சுற்றும். கப்பல் ஊதும். நண்டு. ஒரு தீர்ப்பு முடிந்ததும் நடுவரை மூடி கம்ப்யூட்டரையும் அணைத்துவிடுவாள். “எதுக்குக் கரண்ட வீணாக்கணும்?”

ஆத்தூர் அக்கா வீட்டுக்குப் போனோம். திரைச்சீலை பச்சையில் வந்தது. டிவி அவள் கேட்ட சுவருக்கு மாறியது. எனக்கு வருத்தம் இல்லை. டம்ளரிடம் தோற்பது வேறு. என் கையால் செய்த நடுவரிடம் தோற்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆபீசில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

மாடி அறை விவகாரம் வந்தபோதுதான் கம்பீரம் போதாது, ஜெயிக்கவும் வேண்டும் என்று தோன்றியது.

மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. கடல்காற்று நேரே வரும். நான் அதில் ‘செந்தூர் சாஃப்ட்வேர்’ தொடங்குவதாக இருந்தேன். பெயர்ப்பலகைக்குக்கூடச் சொல்லிவிட்டேன். செல்விக்கு அங்கே ஆரி ஒர்க் வகுப்பு. கல்யாண ரவிக்கையில் மணியும் சரிகையும் கோக்கிற வேலை அவளுக்கு அத்துப்படி. தெருப் பெண்கள் பலர் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வெளிச்சம் அங்கனதான் இருக்கு. சட்டம் போட்டுத் துணிய இழுத்துக் கட்டணும்லா. கீழ எங்க எடம்?”

“கம்பெனி மாடியில இருந்தாத்தானளா மதிப்பு.”

“கம்பெனியில எத்தன பேரு?”

“இப்போதைக்கு நான்தான்.”

“ஒரே ஆளா? வெளுத்துறப் போறிய. சரி, ஞாயித்துக்கிழம நடுவரக் கேப்போம்.”

இவ்வளவு பெரிய வழக்குக்கு முன்னால் நடுவரை ஒருதடவை பரிசோதிப்பது முறை என்று சனிக்கிழமை புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். நடுவில் எங்கள் கல்யாணத் தேதி உட்கார்ந்திருந்தது. எடுக்க மறந்திருந்தேன். மூடித் திறந்து பார்த்தேன். முதல் அமுக்கலுக்கு இரண்டாவது கட்டம். அடுத்த அமுக்கலுக்கு முதல் கட்டம். மறுபடி மூடித் திறந்தேன். அதே. நண்டு, ஆத்தூர், பச்சைத் திரை எல்லாம் எங்கள் கல்யாணத்தன்றே முடிவாகியிருந்தன.

தேதியை எடுத்துவிடத்தான் கை போனது. நின்றுவிட்டது. இத்தனை நாள் அவளுக்குத் தற்செயலாகக் கிடைத்ததை ஒரே ஒருநாள் நான் தெரிந்து எடுத்துக்கொண்டால் என்ன? அவள் வருவதற்குள் முதல் அமுக்கலைச் செலவழித்துவிட வேண்டும். ஜன்னலை மூடாமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த தீர்ப்பு முதல் கட்டத்துக்கு. அங்கே வழக்கம்போல் நான் இருப்பேன். இதை யோசித்த மூளையை நினைத்து, கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் செல்வி அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் நடுவரைத் திறந்து, ஏதோ இரண்டு எழுத்தை அடித்து, பொத்தானை அமுக்கினேன். ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனேன். வீடே அதிரக் கப்பல் ஊதியது.

“என்னது சத்தம்?” என்று அடுக்களையிலிருந்து குரல்.

“ஆர்பர்ல கப்பலு. பெருசு ஏதோ கெளம்புது போல.”

“ம்.”

கட்டங்களைத் துடைத்துவிட்டு, நெற்றி வியர்வையையும் துடைத்துக்கொண்டேன்.

ஜெஃப்ரியும் ஜெயபாயும் சாட்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள். செல்வி டீயைக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்தாள்.

“தெறந்தே இருக்கே?”

“உனக்கு எதுக்குச் சிரமம்னு நான்தான் தெறந்து வச்சேன்.”

மவுஸைப் பிடித்தாள். அம்பு மூலையிலிருந்த பெருக்கல் குறி வரைக்கும் போனது. மூடித் திறந்தால் என் கதை முடிந்தது. அம்பு அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு மெல்ல இறங்கி வந்தது.

“இத்தன நாளும் உங்களுது மொத கட்டத்துல போட்டுப் போட்டு ராசியே இல்லாமப் போச்சு” என்றாள். “பாவமா இருக்கு. இன்னைக்கு என்னோட ரெண்டாவது கட்டத்த உங்களுக்குத் தாரேன்.”

“வேண்டாம் வேண்டாம். வழக்கம்போலவே இருக்கட்டும்.”

“ஏன்?”

“வழக்கத்த மாத்தக் கூடாதுலா.”

“மதினி இவ்வளவு பெரிய மனசு பண்ணுதாக, வேண்டாங்கியளே அண்ணாச்சி!” என்றான் ஜெஃப்ரி.

“எந்தக் கட்டமா இருந்தா என்ன?” செல்வி என்னைப் பார்த்தாள். “நடுவரு கட்டம் பாத்தா தீர்ப்புச் சொல்லுது? பாரபட்சமே கெடையாதுன்னு நீங்கதான சொன்னிய?”

நான்தான் சொன்னேன். தெருவுக்கே சொல்லியிருந்தேன்.

“கெடையாது” என்றேன்.

முதல் கட்டத்தில் ‘ஆரி ஒர்க்’ என்று நிதானமாக அடித்தாள். இரண்டாவதில் ‘செந்தூர் சாஃப்ட்வேர்’. ஒற்றெழுத்தில்கூடத் தப்பில்லை. சக்கரம் அழகாகச் சுற்றியது. எங்கேயும் திணறவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன். கப்பல் ஊதியது. ஜெஃப்ரி எழுந்து நின்றான்.

ஆரி ஒர்க்.

ஜெயபாய் கைதட்டி, முதல் மாணவியாகத் தன் பெயரைச் சொன்னாள். பலகையை என்ன செய்வது என்று ஜெஃப்ரி கேட்டான். பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது, வகுப்புப் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம் என்றாள் செல்வி.

அவர்கள் போனபிறகு, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“மொத அமுக்கல் ரெண்டாவது கட்டத்துக்குன்னு உனக்கு எப்பளா தெரியும்?”

“ஜெஃப்ரி தம்பி வாராவாரம் மொத வழக்குல தோக்கும்போதே தெரியும்.”

புரோகிராமைத் திறந்து பார்க்காமலே பிழையைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெரிய கம்பெனிகளில் இதற்குத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“சரி. இன்னைக்கு நான் முன்னாலேயே ஒருதடவ அமுக்கினது? அது ஆர்பர் கப்பல்னுதான சொன்னேன்?”

செல்வி அடுக்களை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“ஆர்பர்ல எத்தனையோ கப்பல் ஊதிக் கேட்டிருக்கேன். ஊதி முடிச்சதும் எதுவும் இருமாது.”