அக்கா கல்யாணத்துக்கு நான் போட்ட மினுக்கு

ஓர் எழுத்தின் இடது தோளில் வெள்ளையாக மெல்லிய கோடு ஒன்று இழுத்து, முனையில் ஒரு புள்ளி வைத்தால் அது கண்ணாடி மாதிரி மின்னும். இந்த ரகசியம் எனக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்துவிட்டது. இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்ற ரகசியம் கமலா அக்காவின் கல்யாணத்தன்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அது. மலாக்கா டவுன் சினிமாக் கொட்டகை வாசலில் நின்று விளம்பரப் பலகைகளை அண்ணாந்து பார்ப்பதுதான் அப்போது என் உத்தியோகம் (வேறு உத்தியோகம் யாரும் தரவில்லை). நடிகை முகத்தை எல்லாம் பார்க்க மாட்டேன். எழுத்துகளைத்தான் பார்ப்பேன். எல்லா எழுத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழுந்து பளபளக்கும். அந்த வெள்ளைக் கோட்டுக்கு நானாகவே 'மினுக்கு' என்று பெயர் வைத்தேன். பிறகு காஜா பெராங்கில் எங்கள் வீட்டு அரிசி டின், மிளகாய்த்தூள் டின், அப்பாவின் சைக்கிள் மட்கார்டு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் பெயர் எழுதி மினுக்குப் போட்டேன்.

அக்காவுக்குத் தம்பின் என்ற ஊரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை சாது. அவருடைய அப்பா, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, சாது இல்லை. எங்கே போனாலும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போவார், எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். முன்பு ஒரு பெண் வீட்டில் விளிம்பு உடைந்த கோப்பையில் காப்பி கொடுத்தார்கள் என்பதற்காகச் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்து வந்தவராம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அப்பா எங்கள் வீட்டுக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு மாப்பிள்ளையை மிகவும் பிடித்திருந்தது. "இந்தக் கல்யாணத்துல ஏதாச்சும் கோளாறு ஆச்சு, உன்னச் சும்மா விட மாட்டேன்," என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டில் இத்தனை பேர் இருக்க என்னிடம் மட்டும் ஏன் சொன்னாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பந்தல் வாசலுக்கு 'நல்வரவு' பலகை எழுதும் வேலையை நானே பிடுங்கிக்கொண்டேன். சிவப்பு எனாமலில் எழுத்துகள் நன்றாகவே வந்தன, மறுநாளே காய்ந்தும் விட்டன. மினுக்குப் போட வெள்ளை டின்னைத் திறந்தால் உள்ளே தயிர் மாதிரி கெட்டியாக இருந்தது. இளக்கவும் பளபளப்புக்கும் கொஞ்சம் வார்னிஷ் வேண்டும். பெயிண்ட் கடைத் தவுக்கே, சீன முதலாளி, கையை விரித்தார். "சூடா ஹாபிஸ் லா." வார்னிஷ் தீர்ந்துவிட்டதாம். தீராமல் என்ன செய்யும்? ஊரில் தெருவுக்குத் தெரு மெர்டேக்கா வளைவு கட்டிச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பும்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. தலைமுடி எதனால் மின்னுகிறது? தேங்காயெண்ணெயால். முடியே மின்னும்போது எழுத்து மின்னாதா? (அந்த ஞானத்தை அங்கேயே சாக்கடையில் தள்ளிவிட்டு வந்திருக்கலாம்.) அம்மாவின் எண்ணெய் போத்தலில் பாதியை வெள்ளைச் சாயத்தில் ஊற்றிக் குழைத்து, ஐந்து எழுத்துக்கும் கோடு இழுத்தேன். அப்படி ஒரு மினுமினுப்பை நான் சினிமாக் கொட்டகையிலும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் அப்பா ஒரு விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒட்டுதேடா. காயலயா?"

"அது பளபளப்புப்பா."

அப்பா பலகையை உச்சியில் கட்டச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு உயரத்தில் போனால் மினுக்கை யார் பார்ப்பது? வாசலோரம் இரண்டு கம்பு நட்டு, மார்பளவு உயரத்தில் கட்டினேன். வருகிறவர்கள் நின்று நிதானமாக ரசிக்கட்டும் என்பது என் எண்ணம்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் லாரியில் வந்து இறங்கினார்கள். கிராணி வாசலில் நின்றார். ஆரத்தித் தட்டு வரக் கொஞ்சம் தாமதம். லாரியில் குலுங்கி வந்த களைப்பு அவருக்கு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நிம்மதியாக என் பலகையில் சாய்ந்தார். ஆரத்தி எடுத்து முடியும் வரை சாய்ந்தே இருந்தார்.

அவர் உள்ளே நடந்தபோது பலகையைப் பார்த்தேன். சிவப்பு எழுத்துகள் பலகையில் பத்திரமாக இருந்தன. மினுக்கு முழுவதும் கறுப்புக் கோட்டின் முதுகில் இருந்தது. கோடு, புள்ளி, ஒன்று குறையவில்லை.

ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அவர் திரும்பினால் நானும் திரும்பினேன். அவர் யாருக்காவது வணக்கம் சொன்னால் நானும் பின்னாலிருந்து சொன்னேன். பனையோலை விசிறி ஒன்றை எடுத்து முதுகுக்கே விசிறினேன்.

"பையன் ரொம்ப மரியாதக்காரன்," என்றார் கிராணி அப்பாவிடம். பெற்ற நாளிலிருந்து அப்படி ஒரு சொல்லை என்னைப் பற்றிக் கேட்டிராத அப்பா, சந்தோஷப்படாமல் சந்தேகப்பட்டார்.

அடுத்த யோசனையும் என்னுடையதுதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியை விசிறிக்கு அடியில் மறைத்துக்கொண்டு, விசிறுகிற சாக்கில் முதுகை ஒற்றினேன். கோடுகள் கலைந்தன. ஆனால் போகவில்லை. ஐந்து எழுத்து மினுக்கும் ஒன்றாகக் குழைந்து, முதுகு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது.

கிராணி மணவறை ஓரம் உட்காரப் போனார். ஐயர் நெய்க் கரண்டியை நிறுத்தினார்.

"யார் மேலயோ மண்ணெண்ணெய் வாசனை வரதே. இங்க ஓமம் எரியறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கோ."

எல்லாரும் தங்களை முகர்ந்து பார்த்தார்கள். கிராணியும் பார்த்தார். மெதுவாகக் கோட்டைக் கழற்றித் திருப்பினார். நாதஸ்வரம் வாசித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அக்கா தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஓமத்தில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது.

"யார் வேல இது?" என்றார் கிராணி.

"நான்தான் ஐயா. மினுக்கு. தேங்காயெண்ணெய்ல குழச்சேன்."

"சாயத்துல ஏண்டா தேங்காயெண்ணெய்?"

"முடி மின்னுதில்லையா, அதான் ஐயா," என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அவருக்கு முடி இல்லை. தலை நன்றாக மின்னியது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பேசினார். "இருபது வருசமா நானும் அந்தக் கோட்டக் கழட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்தப் பையன் ஒரு காலையில கழட்ட வச்சிட்டான்."

கிராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து காற்று பந்தலுக்குள் வந்தது. வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்த அவர் சட்டைமேல் பட்டது. அவர் முகம் மெல்ல மாறுவதை நான் கண்ணாரப் பார்த்தேன்.

"காத்து நல்லா வருதே," என்றார். பிறகு ஐயர் பக்கம் திரும்பி, "நிறுத்தாதீங்க, தாலியக் கட்டச் சொல்லுங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவர் கோட்டுப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அக்காவும் அத்தானும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள். சந்தோஷத்துக்குக் குறைவில்லாமல் போகிற வீடெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார்கள். பல வருடங்கள் கழித்து என் மகளைப் பெண் பார்க்க, அக்கா ஒரு குடும்பத்தை அழைத்து வந்தாள். வாங்க, உட்காருங்க என்றேன். நான்கு பேரும் ஆளுக்கொரு விரலால் நாற்காலியின் முதுகைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்து, ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.