மண்ணெண்ணெய்யும் மக்கள் அபிப்பிராயமும்

தேர்தல் செலவை யார் பொறுப்பது என்று தெரியாமல் உலகத்தின் பெரிய பெரிய பாராளுமன்றங்கள் எல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்துக்கு வடக்கே உள்ள செம்பாட்டுவெளி என்ற குறிச்சி அதற்கு விடை கண்டுபிடித்து, ஏகமனதாக நிறைவேற்றி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. சரித்திரம் இதைக் குறித்துவைக்கவில்லை. யுத்தம் நடந்த தொண்ணூற்றிரண்டில் சரித்திரத்துக்கு எழுத வேறு அலுவல்கள் நிறைய இருந்தன.

மின்சாரம் போய்விட்டது. பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் தங்கமாகவும் மண்ணெண்ணெய் அமிர்தமாகவும் பதவியுயர்வு பெற்றிருந்தன. விளக்குக்கும் மண்ணெண்ணெய்தான், தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மெசினுக்கும் மண்ணெண்ணெய்தான். அதைக் குடும்பங்களுக்குப் பங்கிடும் கூட்டுறவுச் சங்கக்கடையின் தலைவர் சீவரத்தினம். சங்கத் தேர்தல் நெருங்கினால் அவருடைய மனம் இளகிவிடும். வீட்டுக்கு ஒரு போத்தல் எண்ணெய் 'அன்பளிப்பாக' வந்து சேரும். தேர்தல் முடிந்தால் கடைப் பீப்பா "அடுத்த கிழமை வரும்" என்ற அறிவித்தலோடு வெறுமையாக நிற்கும்.

அந்த வெறும் பீப்பாதான் தியாகலிங்கத்தை அரசியலுக்கு இழுத்து வந்தது. அவர் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சன் ஒழுங்காக வருவதில்லை. அந்த வருடத்துச் சீவியம் முழுவதும் வெங்காயத் தோட்டத்தில் இருந்தது. வெங்காயத் தாள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. உடனே இறைக்காவிட்டால் வெங்காயமும் போச்சு, சோறும் போச்சு. மெசின் இருந்தது, எண்ணெய் இல்லை.

ஆகவே தலைவர் பதவிக்கு நின்றார். சும்மா நிற்கவில்லை, கந்தோர்த் தமிழில் ஒரு விதியையும் எழுதிக்கொண்டு நின்றார்: 'வேட்பாளர் எவரும் தமது சொந்தப் பொருளை வாக்காளருக்கு வழங்கலாகாது. வழங்கியவர் இத்தேர்தலிலிருந்தே விலக்கப்படுவார்.' பாவம், நேர்மையான மனிதர். கொடுக்கிறவன் தன்னுடையதைத்தான் கொடுப்பான் என்று நம்பியிருந்தார்.

விதி இருந்தால் போதுமா, மக்கள் அபிப்பிராயம் வேண்டாமா? வீடு வீடாக, படலை படலையாக ஏறி இறங்கினார். முதற் படலை இரத்தினம்மாவுடையது.

"எண்ணெய் குடுத்து வோட்டு வாங்கிறது பெரிய அநியாயம் தம்பி. கட்டாயம் நிப்பாட்ட வேணும்" என்றார் இரத்தினம்மா.

"அப்ப இந்தமுறை நீங்கள் வாங்கமாட்டியள்?"

"எனக்குத் தாறது மரியாதைக்கெல்லோ. மற்றச் சனத்துக்குக் குடுக்கிறதை நிப்பாட்டுங்கோ."

செம்பாட்டுவெளி முழுவதும் இதே அபிப்பிராயம்தான். ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகளின் ஊழலை ஒழிக்கத் திடசங்கற்பம் பூண்டிருந்தது. இப்படியான ஒற்றுமையை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

இடைஞ்சல் தேத்தண்ணியால் வந்தது. வீடு தேடி வந்த மனிசனை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் இல்லை. சீனியைக் கண்ணால் கண்டே கனகாலம்; தேத்தண்ணியோடு கடிக்கப் பனங்கட்டிதான். இரத்தினம்மா பேரப்பிள்ளைகளுக்கென்று ஒளித்துவைத்திருந்த கடைசிப் பனங்கட்டித் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். தியாகலிங்கத்துக்கு அது கடனாகவே பட்டது. அடுத்த நாள் மனைவி குணலட்சுமி காய்ச்சி, சின்னப் பனையோலைப் பெட்டிகளில் வார்த்து வைத்திருந்த பனங்கட்டிக் குட்டான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரத்தினம்மா வீட்டில் தொடங்கி, "தேத்தண்ணிக்கு இதை வைச்சிருங்கோ" என்று வீட்டுக்கு ஒரு குட்டான் கொடுத்தார். மானமுள்ளவர் வேறு என்ன செய்வார்?

அதற்குள் வழக்கமான எண்ணெய்ப் போத்தல், தியாகலிங்கத்தின் வீட்டைத் தவிர, எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. பொதுக்கூட்டத்தில் விதி ஏகமனதாக நிறைவேறியது. அதிக நேரம் கைதட்டியவர் சீவரத்தினம். தட்டி முடித்துவிட்டு எழும்பினார்.

"தியாகலிங்கண்ணை, ஒரு சின்ன விளக்கம். வீடுவீடாக் குடுத்தியளே பனங்கட்டி, அது ஆரின்ரை?"

"என்ரைதான். மனிசி காய்ச்சினது."

"அப்ப சொந்தப் பொருள்."

"நீர் குடுத்த எண்ணெய்?"

"அது சங்கத்தின்ரை எண்ணெய் அண்ணை. என்ரை வீட்டிலையிருந்து ஒரு சொட்டெண்டாலும் குடுத்திருந்தால் சொல்லுங்கோ, இப்பவே விலகிறன்."

சபை யோசித்தது. மறுக்க முடியாத உண்மை. சீவரத்தினம் தன்னுடையதென்று எதையுமே யாருக்கும் கொடுத்ததில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

"தம்பி நல்ல மனிசன்தான்" என்றார் இரத்தினம்மா. "எண்டாலும் சட்டம் சட்டம்தானே."

தியாகலிங்கம் விலக்கப்பட்டார். சீவரத்தினம் போட்டியின்றித் தெரிவானார். இவ்வாறாக, தேர்தல் செலவில் தனியார் பணத்தின் செல்வாக்கு அடியோடு ஒழிக்கப்பட்டு, மக்களின் பொருளைக்கொண்டே மக்களை வெல்லும் உன்னத முறை செம்பாட்டுவெளியில் சட்டமாயிற்று.

வெற்றி பெற்றவர் பெருந்தன்மையுள்ளவர். அன்று பின்னேரமே தியாகலிங்கத்தின் படலையைத் திறந்துகொண்டு ஒரு போத்தல் எண்ணெய்யோடு வந்தார். தியாகலிங்கம் வெங்காயத்தைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், இரண்டு கையாலும் வாங்கினார்.

"பெரிய உபகாரம், தலைவர்."

தலைவர் போனதும் கிணற்றடிக்கு ஓடி, ஒரு சொட்டும் சிந்தாமல் மெசினுக்குள் ஊற்றினார். குணலட்சுமி வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார்.

"இஞ்சருங்கோ, உது ஆரின்ரை எண்ணெய்?"

"எங்கடைதான். எங்கடை பங்கிலை வெட்டினது."

"அப்ப என்னத்துக்கு அந்தாளுக்கு நன்றி சொன்னனீங்கள்?"

மெசின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று தியாகலிங்கம் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார். மெசினை அவர் இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.