நெல் மூட்டைமேல் ஒரு ஹெர்னியா

நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்பிள்ளை, சட்டையைத் திறந்து தெரு முழுக்கத் தழும்பைக் காட்டுவான். இடுப்புக்குக் கீழே என்றால் மட்டும் அது எப்போதும் ஹெர்னியாதான். புற்றுநோய் என்று என் புராஸ்டேட் சுரப்பியையே எடுத்துப் போட்டபோது எங்கள் வலியசாலை அக்ரஹாரத்துக்கு நான் அறிவித்ததும் ஹெர்னியாவைத்தான்.

உயிர் தப்பியது. இரண்டு விஷயங்கள் கையை விட்டுப் போயின. ஒன்று, இருமினால், தும்மினால், சத்தமாகச் சிரித்தால் வேட்டி நனைந்தது. மற்றதைப் பற்றி டாக்டர் விசாரித்தபோது நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் என் மனைவி விசாலத்திடம் திரும்பினார்.

"தாம்பத்யமொக்கெ எங்ஙனெ?" தாம்பத்யமெல்லாம் எப்படி என்று.

"அவர் அதுலேர்ந்து ரிடையர் ஆகி நாளாச்சு டாக்டர். இப்போ ஆர்டர் கைக்கு வந்திருக்கு, அவ்வளவாக்கும்."

(அபாண்டம். ஆனால் அப்பீலுக்கு இனி வழியில்லை.)

மூன்றாம் மாதம் மகள் மீராவின் கல்யாணம். எங்கள் வழக்கப்படி அப்பா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் இருத்திக்கொள்ள, மாப்பிள்ளை தாலி கட்டுவார். காலையில் விசாலம் டயாப்பரை எடுத்துத் தந்தாள். கட்டிப் பார்த்தேன், பஞ்சகச்சத்தின் பின்பக்கம் புடைத்தது. சம்பந்தி என்ன நினைப்பார்? அவிழ்த்து அலமாரியில் ஒளித்தேன். தினம் மூன்று வேளை இடுப்புப் பயிற்சி செய்கிறவன், அரைமணி அடக்க மாட்டேனா? (விநாச காலே!)

மீரா மடியில் உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று யாரோ கத்த, தவில் இடித்த இடியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போயிற்று. கூறைப்புடவை நனைந்ததும் அவள் முதுகு விறைத்தது. செத்துப்போகலாம் போலிருந்தது. புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட அப்படித் தோன்றவில்லை.

"அப்பா, அனங்காதீங்கோ" என்றாள் உதடு அசையாமல். நான் அசையவில்லை.

நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டதுதான் தாமதம், மீராவின் முழங்கை பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை இடித்தது. அவள் புடவை, என் வேட்டி, நெல் மூட்டை எல்லாம் ஒரே வெள்ளம்.

"தாலி ஏறினதுமே செம்பைக் கவுத்துட்டியே மோளே!" என்று சம்பந்தி மண்டபமே கேட்கும்படி சிரித்தார்.

அன்றிலிருந்து புகுந்த வீட்டில் அவள் பெயர் 'செம்பு'. பாயசப் பாத்திரத்தைத் தொட்டாலே, "செம்பு வரா, ஒதுங்குங்கோ" என்பார்கள். நான்கு வருஷம். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த அயோக்கியத்தனத்துக்கு எந்த ஆபரேஷனும் காரணமில்லை.

போன ஓணத்துக்கு முன்னால் சம்பந்தி தனியாக வந்தார். கையில் ஸ்கேன் உறை. அதே சுரப்பி.

"ஆத்துல எல்லார்கிட்டயும் நானும் ஹெர்னியான்னே சொல்லிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"வேண்டாம். உங்க மாட்டுப்பொண்ணுக்குக் கஷ்டம்" என்றேன். மறுநாள் அவர் வீட்டுக்கே போய், எல்லார் முன்னாலும், டயாப்பரில் தொடங்கி செம்பு வரை ஒன்று விடாமல் சொன்னேன். மீரா அழுதாள்.

இப்போது ஆபரேஷன் முடிந்து அவர் எங்கே உட்கார்ந்தாலும் மீரா ஒரு செம்பு தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறாள். "இது எதுக்கு மோளே?" என்றார் போன வாரம், நான் பார்க்கப் போயிருந்தபோது.

"நீங்க தும்முங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு, எனக்கும் ஒரு செம்பு கேட்டேன்.